தொடாத நேரம்

பதினேழுக்கு ஒரு பெயர் இருக்கிறது.
எனக்கு அது தெரியக் கூடாது.
ஆய்வு நெறிக் குழுவுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்,
பதினொரு பக்கத்தில், மூன்று கையெழுத்துடன்.

பிராண்டன் நகரத்துப் பள்ளியொன்றில்
ஐந்தாம் வகுப்பு.
இருபத்து நான்கு பிள்ளைகள், இருபத்து நான்கு டேப்லெட்.
விரல் பட்டால் பதியும்.
விரல் எடுத்தாலும் பதியும்.
இரவு என் சமையலறை மேசையில்
அத்தனை விரல்களும் வந்து கொட்டும்,
மூட்டை அவிழ்ந்தாற்போல.
உட்கார்ந்து பொறுக்குவேன்:
பிழை, திருத்தம், பிழை, உதவிப் பொத்தான், சரி.

பதினேழிடம் மட்டும் ஒரு ஓட்டை.
பின்னக் கணக்கு வந்ததும்
நான்கு நிமிடம், பன்னிரண்டு வினாடி,
ஒரு தொடுகையும் இல்லை.
மறுநாள் மூன்றரை. அதற்கடுத்த நாள் ஐந்து.
மென்பொருள் அந்த இடத்தைச் சிவப்பாக்கி
'ஈடுபாடு இல்லை' என்று போட்டுவிடும்.
நானும் போட்டேன்.
நாலாம் அட்டவணைக்குக் கீழே,
'கவனச் சிதறல் முற்பகலில் கூடுகிறது' என்று
நல்ல வாக்கியம் ஒன்று.
மாநாட்டில் இரண்டு பேர்
அதைப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

பெப்ரவரியில் நேரே போனேன். மைனஸ் முப்பத்தொன்று.
கார் இருக்கை பலகையாய் இறுகியிருந்தது.
வகுப்பின் கடைசி வரிசையில், சின்ன நாற்காலியில்,
முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்தேன்.

பத்து நாற்பது.
பதினேழு ஒரு பையன். அதுவே எனக்குப் புதுசு.
இடக்கைக்காரன்.
ஒரு சட்டைக்கை மட்டும் முழங்கைவரை சுருட்டியிருந்தான்.
ஐந்தில் மூன்றா, எட்டில் ஐந்தா,
எது பெரிது என்று திரை கேட்டு நின்றது.
அவன் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச்
சன்னல் பக்கம் திரும்பினான்.
கண்ணாடியின் உட்புறம் உறைபனி, பாலாடை போல.
நகத்தால் நீளமாய் ஒரு கோடு இழுத்தான்.
ஐந்தாய்ப் பிரித்தான்.
கீழே இன்னொன்று, எட்டாய். பிசகியது.
ஊதி அழித்து மறுபடி இழுத்தான்.
கட்டைவிரலால் தேய்த்துக் கட்டங்களை நிரப்பினான்.
தேய்த்த இடத்தில் பனி உருகி
வெளியே தானிய ரயில் தெரிந்தது.
பெட்டிகளை எண்ணத் தொடங்கிவிட்டான்.

அதையும் சொல்லத்தானே வேண்டும்:
நான்கு நிமிடத்தில் இரண்டு
ரயிலோடு போனது.

பிறகு திரும்பி ஒரே ஒரு தட்டு.
எட்டில் ஐந்து. சரி.
பதிந்தது அது மட்டும்.

இடைவேளையில் கேட்டேன்,
அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய்?
தோளைக் குலுக்கினான்.
ஆங்கிலத்தில்தான் ஏதோ சொன்னான்,
என் காதில் விழுந்தது
'சும்மா.'

இந்தச் சொல்லை எந்த நிரலில் வைப்பேன்?
இலவசம் என்றாலும் அதுதான்,
பகிடிக்கு என்றாலும் அதுதான்.
காரணம் சொல்ல மாட்டேன், போ என்றாலும் அதுதான்.
சும்மா இரு என்று சொல்லப்பட்ட ஞானிகளே
ஆண்டுக்கணக்கில் திணறியிருக்கிறார்கள்.
என் மென்பொருள், பாவம்,
மூன்றாம் பதிப்பு.

மத்தியானம் வெயில் அந்தப் பக்கம் வந்தது.
கோடுகள் ஒழுகிச் சன்னல் விளிம்பில் தேங்கின.
துப்புரவுக்கு வந்தவர் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தார்.
என் தரவு குப்பைக்கூடைக்குள் போவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து, ஆய்வு மாணவன் க்வேசியிடம்
சிவப்பை எடுத்துவிடச் சொன்னேன்.
'அப்போ என்ன நிறம்?'
சாம்பல் என்றேன்.
கொஞ்சம் கழித்து, வேண்டாம், வெறுமையாய் விடு என்றேன்.
இரண்டாவது மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறார்:
'வெற்றிடங்களை ஆசிரியர் வரையறுக்க வேண்டும்.'
நியாயம்தான்.

இன்னும் பதில் எழுதவில்லை.
சமையலறைச் சன்னல்
என் மூச்சு பட்டுப் பட்டு மங்குகிறது.
விரலை வைத்தபடி நிற்கிறேன்.
பதினோரு நிமிடம் பார்த்த என் கணினி
இங்கே யாரும் இல்லை என்று முடிவு செய்து
அணைந்துவிட்டது.