பெயரில் மட்டும் பெயரும் வீடுகள்

பத்திரத்தில் கையெழுத்தானதும்
வெர்லின் ஒரு காபி டப்பாவை என் பக்கம் தள்ளினார்.
உள்ளே நாற்பது சாவிகள்.
எது எதற்கென்று கேட்டேன்.
"பாதி எதற்குமில்லை" என்றார்.

பதினோரு மனை. ஒரு கிணறு.
மூன்று கழிவுத்தொட்டி,
அதில் ஒன்று எங்கிருக்கிறதென்று
கவுண்டி அலுவலகத்துக்கே தெரியாது.
மிசௌரியின் தென்கோடியில்
கோழி வெட்டும் ஆலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே
மூன்றரை ஏக்கர் சரளை.
பத்தொன்பது வருஷம் லாரிகளுக்கு பிரேக் மாற்றிய பணம்
இந்தச் சரளைக்குள் போயிருக்கிறது.
மிச்சம் வெர்லினுக்கே கடன்,
ஆறரை வட்டி, மாதாமாதம்.

தரகன் கர்ட்டிஸ் சொல்லியிருந்தான்:
"வீடு அவர்களுடையது, நிலம்தான் உன்னுடையது.
கூரை ஒழுகினால் அவர்கள் பாடு.
ஒரு வீட்டைத் தூக்கி வேறிடம் வைக்க எட்டாயிரம் டாலர்.
வீட்டின் விலையே ஐயாயிரம்.
ஒருத்தரும் போக மாட்டார்கள், புரிகிறதா?"

புரிந்தது.
அன்றைக்கு அது நல்ல செய்தி.
ரொண்டாவிடம் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

முதல் சனிக்கிழமை சுற்றி வந்தேன்.
எல்லா வீடும் தகரப் பாவாடை கட்டியிருந்தது.
எட்டாம் மனையில் தகரம் கழன்ற இடத்தில் குனிந்தால்
இருட்டில் சக்கரங்கள்,
காற்றிறங்கி, பாதி மண்ணுக்குள்.
ஒன்றின் வளைவில் பூனை குட்டி போட்டிருந்தது.
நகரும் வீடாம்.
பெயரில்தான் பெயர்கிறது.

மூன்றில் ஓப்பல் ஹட்சென்ஸ்.
அவள் காசோலையின் ஓரத்தில் மாதந்தவறாமல் ஒரே வரி:
நிலத்துக்கு மட்டும்.
ஆறில் மரிசெலும் தம்பியும்,
ஆலையில் இரவு ஷிஃப்ட், பகலெல்லாம் மூடிய திரை.
பத்தில் யாருமில்லை. ஆனால் விளக்கு எரிகிறது.
கரண்ட் பில்லை யார் கட்டுகிறார்களென்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எக்செல் கட்டங்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.
இருநூற்றுப் பத்தை இருநூற்று அறுபதாக்கினால்
பத்து மனை, பன்னிரண்டு மாதம்,
ஆறாயிரம்.
கடிதங்களை அச்சடித்து உறையிலிட்டு
வண்டியின் முன்னிருக்கையில் வைத்தேன்.

ஜனவரியில் ஒரு ராத்திரி
கிணற்று மோட்டார் நிற்காமல் ஓடியது.
எங்கோ பூமிக்கடியில் குழாய் வெடித்து
என் பணம் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
டார்ச்சும் மண்வெட்டியுமாக நான்கு இடம் தோண்டினேன்.
நான்கிலும் உறைந்த சேறு, பழைய பீர் கேன்.

ஓப்பல் வாசலில் வந்து நின்றாள்,
ஆண்கள் கோட்டு, விரலிடுக்கில் சிகரெட்.
"வால்வு என் ரோஜாவுக்கு அடியில்.
தொண்ணூற்றாறில் என் புருஷன் புதைத்தது.
வெர்லினுக்குத் தெரியாது. அவன் கேட்டதே இல்லை."

விடியுமுன் ஆலையிலிருந்து திரும்பிய மரிசெலின் தம்பி
கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கினான்.
பெயர் எஃப்ரேன்.
முதல் குத்துக்கு முன்பே கூலி பேசினான், நாற்பது டாலர்.
சரியென்றேன்.

வால்வு மூட, மோட்டார் நின்றது.
அந்த அமைதி வந்த பிறகுதான்
எவ்வளவு நேரமாகப் பல்லைக் கடித்திருந்தேன் என்று தெரிந்தது.
ரோஜாவின் வேர் இரண்டாகப் பிளந்து கிடந்தது.
ஓப்பல் அதைப் பார்த்துவிட்டு,
"நிலம் உன்னுடையதுதானே" என்றாள்.
கோபமா, வெறும் கணக்கா,
குரலில் பிடிபடவில்லை.

நல்லவனாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன்.
வெர்லினின் தவணை ஐந்தாம் தேதி.
பிளம்பர் கேட்பது நாலாயிரத்து முந்நூறு.
ஐம்பதை முப்பதாக்கி மறுபடி அச்சடித்தேன்.
முப்பதானாலும்
போக முடியாதவர்களிடம் கேட்கும் முப்பது.
ஒவ்வொரு கதவாகத் தட்டி என் கையாலேயே கொடுத்தேன்.
எஃப்ரேன் என் முன்னாலேயே பிரித்துப் படித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தவுமில்லை.

மார்ச்சில் ஒரு ரோஜாச் செடி வாங்கினேன்,
பதினான்கு டாலர்.
எந்தக் கட்டத்தில் ஏற்றுவதென்று வெகுநேரம் யோசித்து
குழாய்ச் செலவுக்குக் கீழே எழுதினேன்:
வால்வு, ஒன்று.