பாதை ஏற்றாத வீடு

நீர்கொழும்பில் சாவி தந்தவர்
ஆறரை மீற்றர் என்றார், உயரம் மூன்றுக்குக் கிட்ட.
பழைய ரோசா பஸ். சீற்றுகளைக் கழற்றி
இரண்டு கட்டில், ஒரு தொட்டி, கேஸ் அடுப்பு.
"எங்கேயும் போகலாம், அக்கா."
அந்த எங்கேயும் என்பதில்
பச்சைமிளகாய்க் கடை அடங்காதென்று
கல்லடிக் கரையில்தான் விளங்கியது.

நூறு ரூபா மிளகாய்க்கு
கொடியில் காயும் துவாயை எடுக்க வேண்டும்
லாச்சிகளைக் கொளுவ வேண்டும்
தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து
அனெற்றாவை எழுப்பி, பெல்ற் போட்டு,
சில்லுக்கு முட்டுக்கொடுத்த கல்லை உருவி
வீடே எழும்பிக் கடைக்குப் போக வேண்டும்.
போனோம்.
வீட்டை நிறுத்த இடமில்லை.
மிளகாயைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டே கடந்தோம்.

காத்தான்குடியில்
போன் சொன்னதை நம்பி ஒரு குறுக்குத் தெருவுக்குள் விட்டேன்.
இரண்டு பக்கமும் மதில். மேலே கேபிள் வயர்.
முன்னால் கதிரை ஏற்றிய லேண்ட்மாஸ்டர்.
ரெஜிஸ் கூரையில் ஏறித்
தும்புத்தடியால் வயரைத் தூக்கிப் பிடித்தான்,
யாரோ வீட்டு நாடகத்தை
அவன்தான் தாங்கி நிற்பதுபோல.
ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.
ஆட்டோவை விட்டு இறங்கி வந்த றிஸ்லான்
என் பக்கக் கண்ணாடிக்குள் நின்று கையாட்டினான்:
"ஒடிங்க... இன்னும் ஒடிங்க... இப்ப நேரா எடுங்க..."
மதிலுக்கும் எங்கள் குசினிக்கும்
ஒரு விரல் இடைவெளி.
வெளியே வந்ததும் காசு வேண்டாமென்றான்.
"இத மெயின் ரோட்டுல வெச்சிட்டு
என்ட ஆட்டோல ஏறுங்க.
ஊருக்குள்ள போக ஊரளவு வண்டி வேணும்."

அவனே உதுமாலெவ்வை கடையில்
ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்துத் தந்தான்.
மணி அடிக்காது. பிரேக் பாதி பிடிக்கும்.
கட்டில் ஓரமாய்க் கயிற்றால் கட்டினோம்;
இரவில் அதன் பெடல்
என் காலைத் தேடித் தேடி இடித்தது.

குருமண்வெளியில் ரோட்டு
தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிட்டது.
போன், வாவிக்கு மேலே புள்ளிக்கோடு போட்டது.
மன்னாரில் பாதை என்றால் தரையில் கிடக்கும்.
இங்கே பாதை மிதக்கிறது:
இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் கம்பி,
ஆக்கள் சேர்ந்ததும் புறப்படும்,
மோட்டார் சைக்கிள், உரமூட்டை, ஒரு தையல் மெஷின்.
பாதைக்காரர் கிருபைராசா
எங்கள் பஸ்ஸைக் காலடியால் அளந்தார்,
போய், திரும்பி, பின் சில்லை ஒரு தட்டுத் தட்டி.
"வீடு நிக்கட்டும். ஆக்கள் ஏறுங்க."

ஏறினோம், மூன்று பேரும் சைக்கிளும்.
நடு வாவியில் அனெற்றா திரும்பிப் பார்த்தாள்.
"அம்மா, சீலை இழுக்க மறந்திட்டீங்க,
கட்டில் தெரியுது."
தெரிந்தது. நான் மடிக்காத போர்வையும் தெரிந்தது.
பாதையில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்,
பிறகு நாகரிகமாய்
மற்றப் பக்கம் திரும்பி மண்டூரைப் பார்த்தார்கள்.

மண்டூரில் ரெஜிஸ் மிதிக்க, அவள் பாரில், நான் கரியரில்.
நான்கு நாளில் முதல்தரம்
என் காதுக்குள் இயந்திரம் இல்லை.
யாரோ விறகு கொத்தும் சத்தம்,
அது நின்ற பிறகு அவர் இருமுவது.
ஒரு கடையில் பச்சைமிளகாய் வாங்கினேன்.
கடைக்கு முன்னால் தாராளமாய் இடம் இருந்தது.

திரும்பி வந்தபோது
எங்கள் வீட்டின் நிழலில் மீன் விற்பனை.
நேசமலர் என்று பிறகுதான் பெயர் தெரியும்.
பேசினுக்குள் மணலை, திரளி, கோர்வை கோர்வையாய்;
தராசில்லை, குடையில்லை,
எங்கள் கதவுப்பிடியில் அவவின் கைப்பை.
நான் சாவியை எடுத்ததும்
"எடுத்திராதீங்க கா" என்றா,
"மீன் வெயில்ல போயிரும். மூணு கோர்வைதான்."

ஒன்றை நான் வாங்கினேன்.
மற்ற இரண்டுக்கும்
ரெஜிஸ் அடுப்பைப் பற்றவைக்க,
சொந்த வீட்டுப் படியில் குந்தியிருந்து
மிளகாய் அரிந்தபடி காத்திருந்தேன்.
வெயில் சாயச் சாய
நிழல் வாவிப் பக்கமாய் நகர்ந்தது.
பேசினைக் காலால் தள்ளித் தள்ளி
அவவும் அதன் பின்னால் போனா.