சங்கிலியின் மறுமுனை

முப்பத்தோரு வருசம்
சங்கிலியின் ஒரு முனை அவர் கையில்,
மறுமுனை என் கையில்.
என் பேரும் சங்கிலிபூதத்தான்.
"துருப்பிடிக்கிறது ஒண்ணு, பீடி பிடிக்கிறது ஒண்ணு,
சர்க்கார் எனக்கு ரெண்டு சங்கிலி குடுத்திருக்கு" என்பார்
நில அளவர் பிரமநாயகம் அண்ணாச்சி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த தாசில்தார்
"நேர்மையான மனிதர்" என்று சொல்லிவிட்டு
ஜீப் ஏறினார்.
எனக்கு ஞாபகத்தில் நிற்பது அவர் செருப்பு.
வயலில் இறங்குமுன் கழற்றி வரப்பில் வைப்பார்,
யார் வயலானாலும்,
வழக்கில் கிடந்து முள் மண்டிய வயலானாலும்.
வல்லநாட்டுப் பக்கம் ஒருதரம்
உடைமுள் குதிகாலில் ஏறி
நான்தான் ஊக்கு வைத்து எடுத்தேன்.
அப்போதும் புலப்படத்தை மடியில் விரித்து
ஒரு கல்லைக் காணவில்லை என்று
முனகிக்கொண்டிருந்தார்.

பிசான நடவுக்கு மூன்று நாள் விடுப்பு.
காரணம் என்ற இடத்தில்
எல்லோரும் 'சொந்த அலுவல்' என்று எழுதுவார்கள்.
இவர் 'நடவு' என்று எழுதுவார்.
முன்னீர்பள்ளத்தில் அறுபது சென்ட்,
பாளையங்கால் தண்ணீர்,
அம்பை பதினாறு.
பக்கத்து வயல்காரன் பூவுக்குப் பூ
வரப்பை ஒரு விரல் செதுக்கி
இவர் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தான்.
"சங்கிலியைப் போட்டுப் பாத்திருவோமா?" என்றேன்.
"வே, அவன் வரப்புல உளுந்து போடுதான்.
உளுந்துக்குச் சர்வே நம்பர் தெரியுமா?"
மடையைத் திருப்பப் போய்விட்டார்.

அதே மனுசன்தான்
ரெட்டியார்பட்டி ரோட்டுக்குப் பின்னால்
மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்டிருந்த
நாற்பத்தொரு சென்ட்டை
லிங்க் லிங்காக அளந்தது.
ஞாயிற்றுக்கிழமை. வெயில்.
அவர் காசில் எனக்குப் புரோட்டா.

வடக்கே லாரிக்காரர் செட்.
கிழக்கே மாட்டுக்கொட்டில்.
தெற்கே ஒரு கடை, பூட்டு தொங்கியது.
மேற்கே சங்கிலியை இழுத்துப் பிடித்தவன்
வாயைத் திறக்கவில்லை.
அவர் வீட்டு மதில்
மூன்றடி உள்ளே.
கொத்தனார் எப்போதோ பார்த்த வேலை.
துவைகல்லும் மதினி நட்ட முருங்கையும்
பூங்காவில் நின்றன.
திரும்ப அளக்கச் சொன்னார்.
திரும்பவும் மூன்றடி.

மாநகராட்சிக்குப் போன பட்டியலில்
நாலாவது பேர் அவருடையது,
தகப்பனார் பேரோடு.
நோட்டீசுக்கு அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி
மதினியிடம் நீட்டினாராம்.
ஒன்பது நாள் ஆவுடை மதினி பேசவில்லை.
சுவரை இடிக்க ஆள் வந்த அன்று
முருங்கையைக் கட்டிப்பிடித்து நின்றார்.
'சுவர்தான் ஆக்கிரமிப்பு. மரம் பூங்காவைச் சேர்ந்தது'
என்று கோப்பில் குறிப்பு வைத்தார் அண்ணாச்சி.
அதற்கப்புறம்தான் அந்த வீட்டில்
எனக்குக் காப்பி கிடைத்தது.

அவருடைய அளவுப் புத்தகத்தின் பின்னட்டையில்
மூன்று பிள்ளைகளின் உயரம், வருசவாரியாக.
நடுவுள்ளவள் உலகம்மைக்கு ஒரு வருசம் மட்டும்
போன வருசத்து எண்ணே திரும்பவும் வரும்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த வருசம்.
நாற்பது ராத்திரி
கட்டிலுக்கு அடியில் இவர்.
காலையில் குளித்துவிட்டு என்னோடு வயலுக்கு.

மிஷின் வந்தது.
சங்கிலியைக் கழிவு ஏலத்தில் விட்டார்கள்.
எண்பத்தைந்து ரூபாய்க்கு எடுத்துக்கொண்டுபோய்
பூங்காவில் மருதங்கன்றுக்கு வேலியாகச் சுற்றினார்,
ஆடு கடிக்காமலிருக்க.
கன்று தடித்து
பதினேழு லிங்க் பட்டைக்குள் போய்விட்டது.
மீதியை எண்ணிவிட்டேன்.

வாசல் கல்வெட்டில் ஆறு பேர் பேர் இருக்கிறது.
பரப்பு நாற்பது சென்ட் என்று வெட்டியிருக்கிறார்கள்.
நாற்பத்தொன்று.

நேற்றுச் சாயந்திரம்
ஊஞ்சலுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டிருந்த நேரம்
மதினி தொரட்டியோடு வந்தார்.
நாலு காய் பறித்து
ரெண்டை என்னிடம் நீட்டினார்.
"பொதுச்சொத்து. உங்க அண்ணாச்சி இருந்தா
ரசீது எழுதாம விடமாட்டாவ."
சிரித்தேனா, தெரியவில்லை.
பையை விரித்துப் பிடித்தேன்.