கீறல் கணக்கு

அந்தேரி கிளையில் என் லைசென்ஸைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான் பையன்.
சர்நேம்?
எங்களுக்கு அது கிடையாது தம்பி,
ஏ/எல் என்றால் இன்னார் மகன்.
கணினி ஒப்பவில்லை.
நாலு நாளைக்கு நான் மிஸ்டர் ஏஎல்.

முன்பணம் இருபதாயிரம்.
மூன்று முறை என் அட்டையைத் துப்பியது மிஷின்.
கிள்ளான் வங்கியில் இந்நேரம்
யார் போன் எடுப்பார்கள்?

வெளியே மழை. கறுப்பு வண்டி.
இருக்கிற கீறலையெல்லாம் படம் எடுத்துக்குங்க,
பிறகு பேச்சு வரும் என்றான்.
முன்கதவில் ஒன்று, பின்னால் இரண்டு,
பம்பரில் யாரோ ஒருவருடைய கோபம்.
முப்பத்தொரு படம்.
பக்கத்தில் குடையோடு குமுதவல்லி:
"டாக்சியிலேயே போயிருக்கலாம்."
அதற்குமேல் பேசவில்லை.

கண்டாலா போகும் வழியில் சுங்கச்சாவடி.
கண்ணாடி ஸ்டிக்கரில் காசு இல்லையாம்,
இரட்டைக் கட்டணம்.
பின்னால் நின்ற லாரிகள்
என் அப்பா பெயரைத் தவிர
எல்லாப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டன.

திருப்பிக் கொடுக்கையில்
புதிதாக ஒரு கீறலாம், நகமளவு.
ஆறாயிரத்து நானூறு.
விடுவேனா? படங்களைப் பெரிதாக்கினேன்.

கதவின் கறுப்பில் அவள் நின்றாள்.
பாதி முதுகு மழையில்,
குடை முழுக்க என் தலைக்கு மேல்.
அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும்.
கீறல் இருக்கவேண்டிய இடத்தில்
அவள் முழங்கை.

முன்னாடியே இருந்ததா சார், தெரியுதா?

தெரியலை என்றேன்.
அட்டை இந்த முறை
ஒரே தடவையில் போனது.