எண்ணெய் வைக்காத தலை

வேலை நாளில் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.
உள்ளங்கையில் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும்
வால்வின் வாயில் நெருப்பாகிவிடும் என்று
சேர்ந்த அன்றே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் பளபளப்பேன்.
சர்ச்சில் கேட்பார்கள், என்ன எஸ்தர், விசேஷமா?

மணலியில்
காற்றை உறிஞ்சிக் குளிரவைக்கும் கம்பெனி.
எந்தக் காற்றை?
இதே காற்றைத்தான்.
ஜன்னலைச் சாத்தினாலும் கொசுவலைக்குள் வந்து படுப்பதை,
ஒருநாள் அழுகிய முட்டையாகவும்
ஒருநாள் யூரியாவாகவும்
மீன்குழம்பில் இறங்கி உட்கார்வதை.
நாற்றத்தைச் சல்லடை வாசலிலேயே நிறுத்திவிடும்.
மைனஸ் நூற்று எண்பத்து மூன்றில்
மிச்சம்
இளநீலமாகச் சொட்டும்.
முதன்முதலில் பார்த்தபோது
இதுவா நமக்குள்ளே போய்வருகிறது என்று
கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

மாசியில் ஒருத்தி வந்தாள், கேப்டன் சௌஜன்யா.
தெலுங்கு வாடையடிக்கும் தமிழ்.
கைக்குழந்தை அளவில் இரண்டு காலி சிலிண்டர்.
ஒற்றை இன்ஜின் விமானமாம்,
இமயத்தில் பனியைப் படமெடுக்கும் வேலையாம்.
ஈரம் இருக்கக் கூடாதும்மா,
மேலே உறைஞ்சு குழாயை அடைச்சிடும் என்றாள்.
தெரியும் என்று மீட்டரைக் காட்டினேன்.

மெதுவாகத்தான் நிரப்ப வேண்டும்.
நிரம்ப நிரம்ப இரும்பு சுடும்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றிபோல.
கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே
மூச்சு முட்டினால் தேவலையாம்.
முட்டாதாம்.
சந்தோஷமாக இருக்குமாம்.
ஒருமுறை மூக்குக்குழாய் கழன்றது தெரியாமல்
மேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
பாடிக்கொண்டு போயிருக்கிறாள்.
ரேடியோவில் ஒருவன்
ஏன் மேடம் குழறுறீங்க என்று கேட்டதால்
நகத்தைப் பார்த்தாளாம்.
கத்தரிப்பூ நிறம்.

விரலில் மாட்டும் கிளிப்பை எடுத்தாள்.
அவளுக்குத் தொண்ணூற்றேழு.
என் விரலில் மாட்டினாள்,
தொண்ணூற்றெட்டு.
பாருங்க, என்னைவிட ஜாஸ்தி என்று சிரித்தாள்.
வெளியே அன்று யூரியா நாள்.
எண்ணுக்கு மூக்கில்லை மேடம் என்று
சொல்ல வாய்வரை வந்தது.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

வைகாசியில் சிலிண்டர்கள் மட்டும்
லாரியில் திரும்பி வந்தன.
முழுக்கக் காலி செய்யாமல்
கொஞ்சம் விட்டுவைத்திருந்தாள்,
ஈரம் உள்ளே புகாமலிருக்க. அதுதான் முறை.
மறுபடி நிரப்பும்முன்
அந்த மிச்சத்தை வெளியேற்றுவதும் முறை.

வால்வை மயிரளவு திறந்தேன்.
செய்யக் கூடாதுதான்,
முகத்தைச் சற்றுக் கிட்டே கொண்டுபோனேன்.
பனி வாசமில்லை.
மணலி வாசமும் இல்லை.
பதினெட்டாயிரம் அடி ஏறிப்போய்
ஒருத்தியை மேப்பை நேராகப் பிடிக்கவைத்துவிட்டு வந்த
எங்கள் ஊர்க் காற்று
ஸ்ஸ் என்று
கன்டெய்னர் லாரிகள் நிற்கும் ரோட்டுப் பக்கம் போனது.

கழுத்தில் கட்டியிருந்த அட்டையை
அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.
பென்சிலில், கோணல் எழுத்தில்,
தமிழில்:
இந்த முறை பாடவிள்ளை.

அட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.
புது அட்டை எழுதிக் கட்டினேன்.