பழைய எண் ஐந்து

கட்டபெட்டு வளைவில் கரடி உட்கார்ந்திருக்கிறதாம்.
எட்டரை மணிக் கடைசி பஸ்ஸின் நடத்துனர்
சன்னல் வழியே சொல்லிவிட்டுப் போனார்.
ஆக, இன்றிரவு இங்கேதான்:
நானும், கணக்கர் பெள்ளியும்,
எழ மறுக்கும் ஒரு கம்ப்யூட்டரும்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க மேடம்,
எடத்தக் கொஞ்சம் பிரிச்சேன், அவ்வளவுதான்."
எண்பது ஜிபி, பழைய டிஸ்க்.
இலைக் கணக்கு ஒரு பக்கம்,
மச்சினன் ஏற்றிவைத்த கல்யாண வீடியோ ஒரு பக்கம் என்று
மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால்
நடுவில் வேலி போட்டிருக்கிறார்.
ஒன்றரை ஏக்கர் தேயிலையை மூன்று அண்ணன் தம்பிக்கு
சங்கிலி பிடித்து அளந்து கொடுத்த கை அது.
அப்போதுகூட இவ்வளவு தகராறு இல்லையாம்.
சாப்பிட்டு வந்து பொத்தானை அழுத்தினால்
கறுப்பு.

நாளை பத்தாம் தேதி.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
பச்சை இலைக்குப் பணம் வாங்க வருவார்கள்.
யார் எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு முன்பணம்,
மழையில் பறித்ததென்று யாருக்கு இரண்டு கிலோ கழித்தது,
எல்லாம் இதற்குள்.

மூடியைக் கழற்றினேன்.
தேயிலைத் தூசு, செத்த விட்டில் ஒன்று,
ஈரத்தில் பச்சை பூத்த திருகு.
காசளவு பேட்டரி செத்து எத்தனை வருடமோ,
தினமும் காலையில் இந்தப் பெட்டி
இரண்டாயிரத்து இரண்டு ஜனவரி ஒன்று என்றே கண் விழிக்குமாம்.
பெள்ளி ஒரு விசையை அழுத்தி
சரி சரி என்று வேலைக்கு அனுப்புவாராம்.

அது பழைய நோய். இது வேறு.

திரையில் ஒரே வரி:
அப்படியொரு பிரிவு இல்லை.
கீழே, மீட்பு என்றொரு சொல்.
பக்கத்தில் மினுக்கும் கோடு.

கெட்டுப்போகவில்லை என்று தெரியும்.
டிஸ்க் சுற்றும் சத்தம்
எண்ணெய் போட்ட தையல் மிஷின்போல் சீராக இருந்தது.
முகவரிதான் தப்பு.
முதல் செக்டரில், ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் இடத்தில்,
எப்போதோ எவரோ எழுதிவைத்தது:
ஐந்துக்குப் போ, மிச்சமெல்லாம் அங்கே.
எழுந்ததும் அது ஐந்துக்குப் போகிறது.
ஐந்தில் இப்போது வெற்றிடம்.
திரும்பி வந்து நிற்கிறது.

எங்கள் தெருவில் பேரூராட்சி கதவெண் மாற்றிய வருடம்
என் கேஸ் சிலிண்டர் நாலு மாதம்
பல் டாக்டர் வீட்டில் இறங்கியது.

ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.
ஒன்று: தெரியாத வகை.
ஐந்து: தெரியாத வகை.
கரண்ட் போனது.
யூபிஎஸ் ஒருமுறை கூவிவிட்டு அதுவும் போனது.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெள்ளி வர டீ ஊற்றினார்.
வெளியே தகர டிரம் உருளும் சத்தம்.
"அதுதான்" என்றார்.
இருவரும் தாழ்ப்பாளைப் பார்த்தோம்.

பத்து இருபதுக்கு வெளிச்சம்.
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று.
சரி சரி என்று இந்த முறை நான் சொன்னேன்.

ஆறு.
தட்டியதும் கோப்புப் பெயர்கள்
வரிசையாக வந்து நின்றன,
எங்கேயும் போகவில்லையே, ஏன் கத்துகிறீர்கள் என்பதுபோல்.
ஐந்து ஆறாகியிருந்தது.
டீயும் ஆறியிருந்தது.

கடைசியில் 'நார்மல்' என்று அடிக்க வேண்டும்.
உண்மையாகவே அதுதான் கட்டளை.
அந்தச் சொல்லால் வேறு யாரையும்
என்னால் எழுப்ப முடிந்ததில்லை.

எழுந்தது.
பெள்ளி விரல் வைத்து இறங்கிக்கொண்டே போனார்,
இருநூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டார்.

இருங்க, என்றேன்.
இப்படியே அணைத்தால் நாளைக்கும் ஐந்துக்குத்தான் போகும்.
முதல் செக்டரை அழித்து எழுதினேன்.
எண் வந்த இடத்தில் எல்லாம்
பிரிவுக்கென்று உள்ள நீளப் பெயரை வைத்தேன்,
முப்பத்திரண்டு எழுத்து, வாய்க்குள் நுழையாத பெயர்.
வேலி நகர்ந்தாலும் அது நகராது.

பேட்டரி ஊட்டியில்தான் கிடைக்கும்.
நாளைக்கும் இது இரண்டாயிரத்து இரண்டில்தான் விழிக்கும்,
விழித்துவிட்டு, நேராக வேலைக்கு வந்துவிடும்.

பெட்டியின் நெற்றியில் வெள்ளை டேப் ஒட்டி எழுதினேன்:
பழைய எண் 5, புதிய எண் 6.
பெள்ளி பேனாவை வாங்கி
கீழே சின்னதாக ஏதோ சேர்த்தார்.
அதற்குள் டிரம் மறுபடி உருண்டது.
படிக்கவில்லை.