நிகர்ச்சொல்

சிலிம் ரிவர் நீதிமன்றத்தில்
ஏர்கான் ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே
என் நாற்காலி.
தமிழை வாங்கி மலாயில் கொடுப்பது வேலை.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
சத்தியம் செய்திருக்கிறேன்.

யுகேந்திரன், பத்தொன்பது வயது,
படிவம் மூன்றோடு நின்றவன்.
கார் கழுவும் கடை வாசலில்
ஒருவனுடைய மூன்று விரல்கள்
பாராங்கத்திக்குப் போயின.
யார் சொல்லிச் செய்தாய்?
"அண்ணன் சொன்னாரு."

அபாங், என்றேன்.

உனக்கு எத்தனை அண்ணன், என்றார் புவான் மாஜிஸ்திரேட்.
"அண்ணன் இல்லீங்க. ஒரே ஒரு தங்கச்சி."
பேனாவை வைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்,
பிழை என்னுடையது என்பதுபோல.

அவன் சொல்லச் சொல்லப் பெயர்த்தேன்.
தோட்டம் கைமாறியபோது
லயத்தைக் காலிசெய்யச் சொல்லி வந்த கடிதத்தை
வாசித்துக் காட்டியவர் அண்ணன்.
லாரி பிடித்தவர் அண்ணன்.
தங்கச்சி வயசுக்கு வந்து
தாய்மாமன் எட்டிப் பார்க்காத அன்று
பட்டுப்புடவையும் ஏழு தட்டுமாய்
படியேறி வந்தவரும்.
"உப்பிட்டவரை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.
பின்வரிசைக் கறுப்புச் சட்டைகள்
உதடசைத்து மீதியை முடித்தன.
உப்புக் கொடுத்தவர், என்றேன் மலாயில்.
புவான் எழுதிக்கொண்டார்: உப்பு.

சரி, அவர் பெயர் என்ன?
"அண்ணன் பேர எப்படிங்க சொல்றது?"

அப்பாவின் பெயரை
அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.
மருத்துவமனைக் கவுண்டரில்கூட
ஐசியைத்தான் நீட்டினாள்.
இதை எந்த வாக்கியத்தில் வைத்துக் கொடுப்பது?
மரியாதை, என்றேன்.
பயமா, என்று திருப்பிக் கேட்டார்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் வேண்டியிருந்தது.
மலாயில் தேடினேன்.
பிறகு தமிழிலும்.

கேட்காததைப் பெயர்க்க எனக்கு உரிமையில்லை.
அப்பா செத்த அன்று
கூடாரம், நாற்காலி, மேளம், நாற்பது பேர் சாப்பாடு
நாங்கள் வாய் திறக்கும் முன்பே வந்து இறங்கின.
சாவு மொய் நோட்டில் பதினோராவது வரி:
இரண்டாயிரம் வெள்ளி.
பெயர் என்ற கட்டத்தில் 'அண்ணன்'.
கையெழுத்து என்னுடையது.

வழக்கு அடுத்த மாதம் பதினெட்டுக்குத் தள்ளிப்போனது.
காரிடாரில் கூட்டம், பெஞ்சில் இடமில்லை.
ஒரு கறுப்புச் சட்டை எழுந்தது.
பதினாறு இருக்கும்,
மீசை வருவதா வேண்டாமா என்றிருந்தது.
"உக்காருங்கக்கா."

காக்காக், என்றது வாய்
பழக்க தோஷத்தில்.
உட்கார்ந்தேன்.
அவன் இருந்த இடம்
இன்னும் சூடாக இருந்தது.